என் மகள் நடத்திக் காட்டிய ஆறு

ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு சம்பளம் என்று ஒரு தொழில் இருப்பதையே நான் வெகுநாள் நம்பவில்லை. ராஜபாளையத்தில் வெளியூர்க்காரர் யாராவது வழி கேட்டால், நாங்கள் கூடவே நடந்துபோய், அவர் தேடிவந்த வீட்டில் சேர்த்து, அந்த வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் திரும்புவோம். அதற்குக் கூலி கேட்டால் ஊர் சிரிக்கும். அதே காரியத்தை என் மகள் கோதை சிங்கப்பூரில் தொழிலாகச் செய்கிறாள். நகரத்துக்கு நடுவில் ஓடும் ஆற்றின் கரையில் ஒரே ஒரு குடும்பத்தை, சில நேரம் ஒற்றை ஆளை, தனியாகக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். நடக்க நடக்கக் கதை சொல்கிறாள். இதற்குப் படிப்பு உண்டு, பரீட்சை உண்டு, கழுத்தில் தொங்கும் உரிம அட்டை உண்டு.

ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கத்தான் அவள் அங்கே போனாள். வருகிறவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லி, வழியைவிடக் கதை நீளமாகப் போக, "நீ இந்த மேசைக்கு லாயக்கில்லை, ஆற்றங்கரைக்குப் போ" என்று அங்கே யாரோ சொன்னார்களாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் எனக்கு டூவீலர் உதிரிபாகக் கடை. ஒரு பிளக் வாங்க வருகிறவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். எட்டாவதோடு நின்ற எனக்கு வருகிறவர் போகிறவர் வாய்ச்சொல்தான் படிப்பு.

ஒருநாள் போன் வந்தது. "அப்பா, இங்க ஒரு சின்னக் கம்பெனியில பழகிக்கிட்டு இருக்கேன்ல, கடைசியா ஒரு நடை பாக்கி இருக்கு. இந்த ஊரையே பாக்காத ஒருத்தர நான் தனியாக் கூட்டிட்டுப் போகணும். முதலாளியம்மா பின்னாலயே வருவாங்க. அது சரியா அமைஞ்சா வேலை நிரந்தரம். இல்லன்னா இந்த மாசத்தோட பொட்டியக் கட்ட வேண்டியதுதான்."

"யாரக் கூட்டிட்டுப் போகப் போற?"

"ஒங்களத்தான்."

வீட்டுக்காரியும் நானும் சேர்ந்து போவதாகத்தான் முதலில் பேச்சு. அவள் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "ரெண்டு பேரும் போனா கடைய யாரு பாக்க? நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மகளுக்குக் கோதை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆண்டாள் கோயிலில் மகள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, ரத வீதியில் ஒரு கடையில் சூடான பால்கோவாவை இலையில் வாங்கிக்கொண்டு நின்றோம். முதல் வாய் உள்ளே போகும் முன்னே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, அங்கன போய் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. பிள்ளை எப்பிடின்னு யாரும் கேட்டா, ஏதோ இருக்கான்னு சொல்லுங்க. ஆகா ஓகோன்னு ஆரம்பிச்சிராதிய. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது."

"எனக்கே சொல்லித் தாரியாக்கும்? நான் என்னைக்கு அவள மெச்சியிருக்கேன்?"

உண்மைதான். பத்தாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, கடைக்கு வந்தவர்களிடம் நான் சொன்னது, "என்னமோ பாஸாயிட்டா." அப்படிச் சொல்லும்போது உள்ளுக்குள் நான் ஆடிய கூத்து எனக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் பெற்றவர்களுக்கு இதுதான் வழக்கம். கேட்கிறவர்களுக்கும் இந்த வழக்கம் தெரியும். "என்னமோ பாஸாயிட்டா" என்று தகப்பன் சொன்னால் முதல் மார்க் என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

பக்கத்தில் மாம்பழக் கிட்டங்கி வைத்திருக்கும் சுப்பாராஜு கடைசியாக வழியனுப்ப வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "ஏமய்யா, நீ போயிட்டா எங்களுக்குப் பொழுது எப்பிடிப் போகும்? ஒன் பேச்ச ஒரு டப்பாவுல அடைச்சு வெச்சிட்டுப் போயேன்" என்றார்.

சிங்கப்பூரில் இறங்கியதும் எனக்குப் பட்டது, இந்த ஊரில் சத்தத்தைக்கூடக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான். அம்புட்டு வண்டி ஓடுகிறது, ஒரு ஹாரன் இல்லை. எங்கள் ஊரில் ஹாரன் அடிக்காமல் முந்துகிறவன் திருடன். இங்கே ஹாரன் அடித்தால் அவனைத் திருடனைப் போலப் பார்க்கிறார்கள்.

முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு பெரிய கொட்டகைக்குக் கோதை கூட்டிப்போனாள். "உக்காருங்கப்பா, வாங்கிட்டு வாரேன்" என்று அவள் வரிசையில் நிற்கப் போக, நான் ஒரு காலி மேசையைப் பிடித்தேன். மேசை மேல் ஒரு சின்னக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தது. வேர்த்துக் கொட்டுகிற விருந்தாளிக்குக் கடைக்காரர் வைத்திருக்கிறார், என்ன மரியாதை என்று நினைத்து, பிரித்து முகம் துடைத்தேன். கழுத்தும் துடைத்தேன். பாதிப் பொட்டலம் தீர்ந்தபோது, ஒரு சீனப் பெரியவர் தட்டோடு வந்து என் முன்னால் நின்று, என்னையும் பொட்டலத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

கோதை ஓடிவந்தாள். "அப்பா, அது அவரு எடம் போட்டு வெச்சது!"

நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோம் அல்லவா, அந்தத் துண்டுதான் இங்கே பொட்டலம். நான் அவருடைய துண்டை எடுத்து முகம் துடைத்திருக்கிறேன். பெரியவர் கோபிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, மீதிப் பொட்டலத்தையும் என் பக்கமே தள்ளிவிட்டார். அவர் ஏதோ சொல்ல, கோதை சிரித்தாள். "எடத்தையும் எடுத்துக்கிட்டாரு, துண்டையும் எடுத்துக்கிட்டாரு, என் சோத்தையாவது விடச் சொல்லுன்னு சொல்றாருப்பா." சாத்தூர்க் காராச்சேவு பொட்டலம் ஒன்று என் பையில் இருந்தது. பிரித்து நடுவில் வைத்தேன். அவர் ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணில் நீர் வந்து, மறுபடியும் கை நீட்டினார்.

புரோட்டாவும் சாப்பிட்டேன். மெல்லியதாக, மொறுமொறு என்று, நாகரிகமாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய்ச் சட்டியில் முங்கி எழுந்த எங்கள் பக்கத்துப் புரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றிக் கையால் பிசைகிற சுகத்துக்கு அது கிட்டே வராது. இதில் எனக்குத் துளியும் அடக்கம் இல்லை.

மறுநாள் ரயில் என்னைச் சோதித்தது. அந்த ரயிலில் டிரைவரே இல்லை. அதிசயப்பட்டு வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிலையத்தில் கூட்டம் இறங்கியது. எங்கள் ஊர் மினிபஸ்ஸில் படிக்கட்டில் நிற்கிறவன் இறங்கி வழிவிட்டு, எல்லோரும் இறங்கியபிறகு திரும்ப ஏற வேண்டும். கண்டக்டர் அவனுக்காகக் காத்திருந்து விசிலடிப்பார். அந்தப் பழக்கத்தில் நான் இறங்கி, எல்லோருக்கும் வழிவிட்டு, "போங்க, போங்க" என்று உபசாரமும் செய்துகொண்டிருந்தேன். விசில் வரவில்லை. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதை இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே போனாள்.

என் போன் அவளுடைய பையில். நான் நடைமேடையில் நின்று, "இதென்னடா கூத்து, எம்புட்டு நேரம் நிக்கணுமோ" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"அண்ணாச்சி, ராசபாளையமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேலைத்தலத்து மஞ்சள் சட்டையும் பூட்ஸும் போட்ட ஒரு ஆள்.

"எப்பிடிலே கண்டுபிடிச்ச?"

"பேச்சுதான். நமக்கு வத்திராயிருப்பு." அவரே கோதையின் நம்பரைக் கேட்டுக் கூப்பிட்டார். "எறங்கின எடத்துலயே நிக்கச் சொல்லுதாவ. வந்துருவாவளாம்" என்றவர், தன் ரயிலை விட்டுவிட்டு எனக்குத் துணையாக நின்றார். "மக என்ன பண்ணுதாவ?"

"ஏதோ நாலு பேருக்கு வழி காட்டுதா. கால் தேய நடக்குதா, வேறென்ன."

அவர் சிரித்தார். "அப்ப பெரிய வேலையில இருக்காவன்னு சொல்லுங்க!"

பாருங்கள், இதுதான் நான் சொன்னது. ஊர்க்காரனிடம் ஒரு சொல்லைக் குறைத்துச் சொன்னால் அவன் அதைப் பத்தாக்கி எடுத்துக்கொள்கிறான்.

அன்று ராத்திரி வீட்டுக்காரி போனில் வந்தாள். "யாவாரம் நல்லா ஓடுது. நீங்க இல்லாததால பேச்சு இல்ல, சாமான் மட்டுந்தான் போகுது" என்றாள். வைக்கும் முன்னால், "நாளைக்கு நடை. வாய்!" என்று ஞாபகப்படுத்தினாள்.

நடை நாள் காலையில் ஆற்றங்கரைக்குப் போனோம். முதலாளியம்மா பெயர் ஹெலன். ஆஸ்திரேலியாக்காரர், நெடுநெடு என்ற உயரம், பெரிய ஓலைத் தொப்பி. என் கையைக் குலுக்கிவிட்டு அவர் சொன்னதைக் கோதை தமிழில் சொன்னாள்: "எனக்கு உங்கள் மொழி தெரியாது. அதனால் என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கிறவர் எப்படி இருக்கிறார் என்றுதான் பார்ப்பேன். முடிவில் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்."

எனக்குச் சட்டென்று வீட்டுக்காரி ஞாபகம். இந்தம்மா என் முகத்தைப் பார்க்கப்போகிறார், முகத்திலும் பெருமை தெரியக்கூடாது என்று முடிவுசெய்து, வட்டி கட்டாதவனைப் பார்ப்பது போல ஒரு முகத்தை மாட்டிக்கொண்டேன். கோதை ஒரு தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். நடக்க ஆரம்பித்தோம்.

ஆறு என்றால் எனக்கு அய்யனார் கோவில் ஆறுதான். மழை பெய்தால் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வரும். தண்ணீர் வருமுன் சத்தம் வரும். பெய்யாவிட்டால் பாறைதான் மிச்சம். இங்கே கரை முட்டத் தண்ணீர், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நான் கேட்பதற்கு முன்னால் கோதை கேட்டாள்.

"என்னப்பா, ஆறுன்னு சொன்னா, கம்மாய் மாதிரிக் கெடக்கேன்னு பாக்கீங்களா? கம்மாய்தான். அந்தப் பக்கம் கடல் வாசல்ல ஒரு கரையப் போட்டு, மடை வெச்சு அடைச்சிட்டாங்க. முன்னால கடல் தண்ணி உள்ள வந்து போயிக்கிட்டு இருந்த ஆறு. இப்ப மழைத் தண்ணியத் தேக்கிக் குடிக்காங்க. பேருதான் ஆறு. இது இந்த ஊரோட கம்மாய்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு நாடே செய்த வேலையை ஒரு சொல்லில் என் கையில் கொடுத்துவிட்டாள். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் மடையும் கரையும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய மழையில் மடையைத் திறப்பார்களா என்று கேட்டேன். "தெறப்பாங்க. கடல் மட்டம் மேல நின்னா மோட்டார் வெச்சுத் தூக்கி ஊத்துவாங்க" என்றாள். பதில் உடனே வந்தது.

ஒரு பழைய இரும்புப் பாலம். அதன் வாயில் அந்தக் காலத்து அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. பாரம் கூடின வண்டிகளும், ஆடுமாடு இனங்களும், குதிரைகளும் பாலத்தில் போகக்கூடாது என்று போட்டிருப்பதாகக் கோதை வாசித்துச் சொன்னாள்.

"நாயைப் பத்தி ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"இல்ல. ராசபாளையத்து நாய் தாராளமா வரலாம்."

பாலத்துக்குப் பக்கத்திலேயே பூனைக்கும் குட்டிகளுக்கும் வெண்கலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். உலகமே பேர் சொல்லும் நாய் எங்கள் ஊர் நாய், அதற்கு நாங்கள் ஒரு கல்கூட நடவில்லை. இதைப் பற்றிச் சுப்பாராஜுவிடம் பேச வேண்டும் என்று மனசில் முடிந்துகொண்டேன்.

கொஞ்சம் தள்ளி, மூட்டை ஏற்றும் ஆட்களும் ஒரு மாட்டு வண்டியும் சிலையாக நின்றார்கள். அங்கே கோதை குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கரையில எறங்கின மூட்டை பூராவும் தோள்லதாம்ப்பா வந்துச்சு. படகுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பலகை. ஒரு ஆள் அகலம். கால் தப்பினா ஆத்துல. சீனாக்காரங்களும் சுமந்தாங்க, நம்மாளுகளும் சுமந்தாங்க. கடை வெச்சவங்க பேரு தெருவுக்கு இருக்கு. சுமந்தவங்க பேரு எங்கயும் இல்ல. அதனால நான் யாரக் கூட்டிட்டு வந்தாலும் இங்க ஒரு நிமிசம் பேசாம நிப்பேன்."

நின்றாள். நானும் நின்றேன். பின்னால் ஹெலன் அம்மாவும் நின்றார்.

ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கே நின்றாலும் நான் நிழலில் இருந்தேன், அவள் வெயிலில் இருந்தாள். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். மரத்தடியிலும் அப்படி, பாலத்தடியிலும் அப்படி. பொறுக்க முடியாமல், "ஏட்டி, வெயில்ல எதுக்கு நிக்க? இங்கிட்டு வா" என்றேன்.

"நீங்க பேசாம அங்கனயே நில்லுங்க. விருந்தாளி கண்ணுல வெயில் பட்டா காதும் மூடிக்கிடும்."

நான் ஊர் ஊராகச் சொலவடை பொறுக்குகிறவன். இது எங்கும் கேட்காத ஒன்று. என் மகளே செய்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முகத்தை இன்னும் கொஞ்சம் கடுகடு என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு படகு போனது. அதன் முகப்பில் இரண்டு பக்கமும் பெரிதாகக் கண் வரைந்திருந்தது. படகு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தக் காலத்தில் வரைந்தார்களாம். அதைத் தொடர்ந்து, ஆறு நாறிக் கிடந்த காலம், படகுகளை எல்லாம் அப்புறப்படுத்திச் சுத்தம் செய்த காலம் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, நான் பின்னாலேயே போனேன். கடைசியில் கலர் கலராகச் சாயம் அடித்த ஒரு பாலத்தடியில் நின்று, "இம்புட்டுதாம்ப்பா" என்று கோதை கை கூப்பியபோது, பொழுது போனதே எனக்குத் தெரியவில்லை.

ஹெலன் அம்மா முன்னால் வந்தார். எனக்குப் புரியட்டும் என்று சின்னச் சின்ன இங்கிலீஷ் சொல்லாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். உங்கள் மகள் எப்படி? நன்றாகச் செய்தாளா?

கோதை மொழிபெயர்க்க வாய் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன். எனக்கும்தான் இங்கிலீஷ் வருமே.

"நோ, நோ, மேடம். ஸ்மால் கேர்ள். நத்திங் நோ. மெனி மிஸ்டேக். ஹவுஸ்ல சேம். நோ கேரண்டி."

சின்னப் பிள்ளை, ஒன்றும் தெரியாது, தப்பு நிறைய, வீட்டிலும் இப்படித்தான், இவளை நம்ப முடியாது. ஊர் வழக்கப்படி அழகாக முடித்துவிட்ட திருப்தியில், அந்தம்மா சிரிப்பார் என்று பார்த்தேன்.

சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். கோதையைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். அவள் "சரி" என்று தலையாட்டினாள். அவர் சாலைப் பக்கமாக நடந்தார்.

"என்னட்டி சொல்லுதாவ?"

கோதை கழுத்து அட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நடை பூராவும் ஒங்க மொகத்துல ஒண்ணும் தெரியலையாம். பெத்த அப்பாவே நேர்மையா இப்பிடிச் சொல்லும்போது, இப்போதைக்கு நிரந்தரம்னு சொல்ல முடியாதாம்."

எனக்குக் காதில் விழுந்தது புத்திக்கு ஏறச் செத்த நேரம் ஆயிற்று. "நான் எங்கட்டி நேர்மையாச் சொன்னேன்? அது கண்ணு படாம இருக்கச் சொன்னதுல்லா?"

"எனக்குத் தெரியும்ப்பா. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ எடுத்துச் சொல்ல வேண்டியதுதான!"

"என்னன்னு சொல்ல? எங்கப்பா சொன்னது பொய்யி, நான் கெட்டிக்காரின்னு நானே சொல்லவா?" அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "விடுங்கப்பா. வாங்க, சாப்பிடப் போவோம்."

வேட்டியை மடித்துக் கட்டினேன். "மேடம்! மேடம்!" என்று அந்த அமைதியான ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு ஓடினேன். அவர் நின்றார். கோதை மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"நான் சொல்லுதத அப்பிடியே சொல்லு" என்றேன் அவளிடம். "மேடம், எங்க ஊர்ல பெத்தவன் தன் பிள்ளைய அடுத்தவங்க முன்னால மெச்ச மாட்டான். மெச்சினா கண்ணு பட்டுரும். அதனால கொறை சொல்லுவான். எம்புட்டுக் கொறை சொல்லுதானோ, அம்புட்டுப் பெருமை உள்ள வெச்சிருக்கான்னு அர்த்தம்."

கோதை இதை நன்றாகவே சொன்னாள். ஊர் வழக்கத்தை விளக்குவது அவள் தொழில்தானே. ஹெலன் அம்மா புருவத்தைத் தூக்கினார். "அப்படியானால், உங்களுக்குள் என்ன இருக்கிறது?"

முதல் வாக்கியம் வரவில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு இப்படி ஆனதில்லை. மகளை மெச்சுவதற்கு என் வாயில் வழியே இல்லை. இத்தனை வருஷமாக அடைத்து வைத்த மடை. பொறவு, திறந்துகொண்டது.

அந்த ஆற்றைக் கம்மாய் என்று ஒரே சொல்லில் காட்டினதைச் சொன்னேன். பேர் இல்லாத சுமைகாரர்களுக்காக நின்றதைச் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் மட்டுமல்ல, கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருந்ததைச் சொன்னேன். வழி நெடுக வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு என்னை நிழலில் நிறுத்தியதைச் சொன்னேன். "கொடை பிடிக்காமலே கொடை பிடிச்சா மேடம்!" என்று மூச்சு விட நிறுத்தினேன்.

கோதை அதை இங்கிலீஷில் சொன்னாள். நாலைந்து சொல்தான்.

ஹெலன் அம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ கேட்டார். கோதை தலையைக் குனிந்தாள்.

"என்ன கேக்காவ?"

"அவரு இவ்வளவு நேரம் பேசினாரு, நீ கொட்டாவி விடுற நேரத்துல முடிச்சிட்டியேங்காங்க."

"ஏட்டி! நான் பானை நெறையப் பொங்கி வெச்சிருக்கேன், நீ கரண்டியளவு எடுத்துப் போடுதியே!"

"என்னப் பத்தி நானே எப்பிடிப்பா சொல்லுவேன்?"

அப்போதுதான் பார்த்தேன். வளர்ப்பு! நான் எதைச் சொல்லி வளர்த்தேனோ அதே இடத்தில் அவளும் நிற்கிறாள். அப்பனுக்கு வாய்ப் பூட்டு, மகளுக்கு நாக்குப் பூட்டு.

"இது நீ ஒன்னப் பத்திச் சொல்லுதது இல்ல, தாயி. விருந்தாளி சொல்லுதத நீ சொல்லுத. கைடு மாதிரி நில்லு."

அவள் கழுத்து அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். ஹெலன் அம்மாவுக்கு முகத்தில் வெயில் அடிக்கிறது என்று பார்த்து, ஓர் அடி நகர்ந்து, தான் அந்தப் பக்கம் போய் நின்றாள். அதற்கப்புறம் சொன்னாள், முழுசாக. எனக்கு எல்லாச் சொல்லும் புரியவில்லை. ஆனால் நான் பேசிய நீளம் இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். "மேடம், எங்க ஊர்ல என் கடைக்குச் சாமான் வாங்க வாரவன விடப் பேச்சுக் கேக்க வாரவன்தான் அதிகம். கல்யாண வீடோ, எழவு வீடோ, நான் பேச ஆரம்பிச்சா மத்தவன் கேப்பான். என்னை வாயை மூடிக்கிட்டு, ஆத்தோட இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் கேக்க வெச்சது, என் ஆயுசுலயே இவ ஒருத்திதான்."

கோதை ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி ஆற்றைப் பார்த்தாள். திரும்பி, ஹெலன் அம்மாவின் கண்ணைப் பார்த்தே மீதியைச் சொல்லி முடித்தாள்.

ஹெலன் அம்மா என் கையைக் காட்டினார். கோதை கொடுத்த தண்ணீர் பாட்டில். மூடியே திறக்கவில்லை. "இந்த வெயிலில் நடந்த ஒருவர் தண்ணீரை மறந்திருக்கிறார். அதைப் பார்த்து முதல் பாலத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். உங்கள் முகமும் வாயும்தான் என்னைக் குழப்பிவிட்டன" என்றார். கோதை இதைச் சொல்லும்போதே சிரித்துவிட்டாள். "அடுத்த வாரம் மூன்று குடும்பங்கள் வருகின்றன. கோதை கூட்டிப்போவாள். இனிமேல் நிரந்தரமாக."

அவர் போனதும் எனக்குப் பகீர் என்றது. அம்புட்டையும் வெளியே கொட்டிவிட்டேனே! அதுவும் அப்பன் கண். இருக்கிற கண்ணிலேயே பெற்றவன் கண்தான் பொல்லாதது என்பார்கள். காலடி மண் எடுத்துச் சுற்றிப் போட்டால்தான் நெஞ்சு ஆறும். குனிந்து தேடினேன். பாதை முழுக்கக் கல் பாவி, துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி இருக்கிறது. "என்னட்டி ஊரு இது, ஒரு சிட்டிகை மண்ணு இல்ல!"

கோதை சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். ஷூவின் அடியில், வரிகளுக்குள், தினம் இந்த ஆற்றங்கரையில் நடந்த மண் இறுகிக் கிடந்தது. வீட்டுச் சாவியால் நோண்டி எடுத்தேன். அவள் தலையை மூன்று தரம் சுற்றினேன். போகிற வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சுற்றிய மண்ணைப் போடத்தான் இடமில்லை. இந்த ஊரில் தரையில் எதையும் போடக்கூடாது. காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பின அன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டுக்குப் போகும் முன் எங்கள் தெரு முச்சந்தியில் பெட்டியை வைத்துவிட்டு, அந்தக் காகிதத்தைப் பிரித்து மண்ணை வீசினேன். சுப்பாராஜு வண்டியில் வந்துகொண்டிருந்தார். நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

"ஏமய்யா, வந்ததும் வராததுமா யாருக்குச் சுத்திப் போடுத?"

"எம் மகளுக்கு. அவ எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி தெரியுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வண்டியை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, இறங்கி நின்றார்.